அத்தியாயம் 7: வறண்ட ஊரில் அடைமழை

வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம், தாமரைக்குளம் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சமாளிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்தக் கிணறு பங்குனியில் வற்றும், எந்தத் தோட்டத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் பாய்ச்சினால் போதும் என்பதெல்லாம் கைவந்த கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் விடாமல் கொட்டும் மழைக்குத்தான் நம்மிடம் கணக்கு இல்லை. எப்போதோ ஒரு வருடம் வருவதால் அதற்கென்று யாரும் தயாராவதில்லை. காய்ந்த வருடங்களில் ஓடை பாதையாகிவிடுகிறது. கண்மாய்க்குள் குப்பை சேர்கிறது. மொட்டைமாடித் தூம்புவாயை அடைத்துக்கொண்டு தேங்காய் மட்டை கிடக்கிறது. மழை வந்த அன்று இவை எல்லாம் ஒன்றாகத் தொல்லை தருகின்றன.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதிதான்: முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள், பிறகு சேமியுங்கள். இந்த வரிசை மாறினால் சேமிக்க நினைத்த தண்ணீரே சுவரைச் சாய்க்கும், பயிரை அழுக வைக்கும். இரண்டாவது பாதியை மறந்துவிட்டால், அடுத்த சித்திரையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

மழை எங்கிருந்து வருகிறது

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், ஆனி ஆடியில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றும் சாரலும்தான். கம்பம் பள்ளத்தாக்கில் முதல்போக நெல் விளைவதே 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருவதால்தான்.

வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ். வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு குமரிக் கடல் பக்கம் நகரும்போது, ஈரக்காற்று கிழக்கிலிருந்து வந்து கொடைக்கானல் மலைச் சரிவில் ஏறுகிறது. ஏறிய காற்று குளிர்ந்து அங்கேயே மழையாகக் கொட்டுகிறது. அந்தச் சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது பெரியகுளம். அங்கிருந்து சற்றுக் கீழே, வராக நதியை ஒட்டி, வடுகபட்டி. ஆகவே நம் ஊரில் தூறல்கூட இல்லாத இரவிலும் ஆற்றில் வெள்ளம் வரலாம். மலையில் பெய்தது சில மணி நேரத்தில் கீழே வந்துவிடும்.

வறண்ட பகுதியில் பெருமழை பெய்யாது என்று நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காட்டியது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மி.மீ. மழை பதிவானது. ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில் விழுந்தது. நம் பக்கத்திலேயே, 2025 அக்டோபர் நடுவில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, இரவெல்லாம் பெய்த மழையில் முல்லைப் பெரியாற்றில் வெள்ளம் பெருகிக் கம்பம் பள்ளத்தாக்கில் வயல்களுக்குள் புகுந்தது.

எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

வானிலை ஆய்வு மையம் சொல்லும் சொற்களுக்கு அளவு உண்டு. ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனமாக இருங்கள் என்று பொருள். ஆரஞ்சு என்றால் ஆயத்தம் முடிந்திருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும்.

இந்த மி.மீ. கணக்கை லிட்டராக மாற்றிப் பார்த்தால் அதன் பலம் புரியும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 100 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர். ஒரு ஏக்கர் தோட்டத்தில் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்று வைத்தால் முப்பத்து மூன்று லாரித் தண்ணீர், ஒரே நாளில். அந்தத் தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

வானிலையோடு சேர்த்து அணை நிலவரத்தையும் பார்க்க வேண்டும். பெரியகுளத்துக்கு மேலே உள்ள சோத்துப்பாறை அணையின் உயரம் 126.28 அடி. அணை நிரம்பாத வரை மலைத் தண்ணீரை அது பிடித்து வைக்கும். நிரம்பிவிட்டால் வந்த தண்ணீர் அப்படியே வராக நதியில் இறங்கும். எனவே “சோத்துப்பாறை நிரம்பியது” என்ற செய்தி வந்த நாளிலிருந்து ஆற்றங்கரையில் இருப்பவர்கள் ஒவ்வொரு மழை இரவையும் வெள்ள இரவாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கும்பக்கரை அருவியில் குளிக்க வனத்துறை தடை போட்டாலும் அது மலையில் மழை பெய்கிறது என்பதற்கு அடையாளம். தேவதானப்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் மஞ்சளாறு அணையைக் கவனிக்க வேண்டும். வைகைக் கரையில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு 71 அடி வைகை அணையின் கணக்கைச் சொல்லி வையுங்கள்: 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது.

மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. ஆம்புலன்ஸ் 108. கால்நடை ஆம்புலன்ஸ் 1962. இந்த நான்கையும் சுவரில் எழுதி வையுங்கள். கரண்ட் போய் செல்போன் அணைந்துபோனாலும் பக்கத்து வீட்டுப் போனில் அழைக்கலாம்.

வீடு

மழைக்கால உயிரிழப்புகளில் சுவர் இடிந்து நடப்பவை நிறைய. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. காய்ந்திருக்கும் வரை அவை உறுதியானவை. அடியில் தண்ணீர் ஊறினால் மண் இளகிவிடும். மழை பெய்யும்போது தாக்குப்பிடித்த சுவர், மழை விட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து விழுவதும் உண்டு. ஆகவே வெயில் அடித்துவிட்டது என்று அவசரப்பட்டு உள்ளே படுக்கப் போகாதீர்கள்.

ஆபத்தை இந்த அடையாளங்களால் கண்டுகொள்ளலாம்: புதிதாக விட்ட விரிசல், பூச்சு உப்பியிருப்பது, சுவரின் அடியில் மண் உதிர்ந்து கிடப்பது, நேற்று வரை சரியாக மூடிய கதவு இன்று நிலையில் பிடிப்பது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் அந்தச் சுவரை ஒட்டி யாரும் படுக்கக் கூடாது. குழந்தைகளையும் வயதானவர்களையும் அன்றைக்கே உறவினர் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அனுப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டு மண்சுவர் உங்கள் வாசல் பக்கம் சாய்ந்திருந்தாலும் இதே கவனம் தேவை.

புரட்டாசிக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்:

- மொட்டைமாடித் தூம்புவாயைத் துப்புரவு செய்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். 50 சதுர மீட்டர் மாடியில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் அதன் எடை 5 டன்.
- ஓட்டு வீட்டில் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். கூரை ஒழுகி மண்சுவரின் தலையில் இறங்கும் தண்ணீர்தான் சுவரை உள்ளிருந்து கரைக்கிறது.
- வீட்டைச் சுற்றி மண்ணை வெளிப்பக்கம் சரிவாக அணைத்து விடுங்கள். சுவரடியில் ஒரு சொட்டும் நிற்கக் கூடாது.
- மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து பாருங்கள். 2003இல் வீடுதோறும் கட்டாயமாக்கப்பட்டபோது போட்ட தொட்டிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. மேல் மணலை அள்ளி அலசிப் போட்டாலே மறுபடி வேலை செய்யும்.
- பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், நகை அடகுச் சீட்டு ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள்.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம். வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் அறிகுறி தெரிந்தவுடன் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அணைக்கக் கூடாது. துணி காயப்போட இரும்புக் கம்பியை எடுத்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். ஈரச் சுவரில் கசியும் கரண்ட் அந்தக் கம்பி வழியாகத்தான் ஆளைப் பிடிக்கும். கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் சாதனம் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டிக்கொள்ளுங்கள். உயிரின் விலையைப் பார்த்தால் அது செலவே இல்லை. அறுந்த மின்கம்பியைக் கண்டால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987இல் சொல்லுங்கள்.

ஆறும் ஓடையும்

வராக நதி காய்ந்து கிடக்கும் மாதங்களில் அதற்குள் இறங்கி நடக்கிறோம், மாடு மேய்க்கிறோம், வண்டி ஓட்டுகிறோம். அந்தப் பழக்கம்தான் வெள்ள நாளில் உயிரை வாங்குகிறது. ஓடும் தண்ணீரின் பலத்தை ஆழத்தை வைத்து எடை போட முடியாது. வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீர் ஒரு ஆளின் காலை வாரிவிடும். ஒரு அடித் தண்ணீர் சின்னக் காரை நகர்த்தும். இரண்டு அடித் தண்ணீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனால், பாலம் இருக்கிறதா அரித்துவிட்டதா என்று கரையிலிருந்து தெரியாது. சுற்று வழியில் போங்கள், இல்லை காத்திருங்கள்.

வெள்ளத்தில் அடித்து வரும் விறகையும் தேங்காயையும் பிடிக்க இறங்குவதும், செல்போனில் படம் எடுக்கக் கரை ஓரத்தில் நிற்பதும் வேண்டாம். கரை மண் அடியில் அரித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். திறந்த கிணறுகளுக்கும் இது பொருந்தும். கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டத்துக் கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போடுங்கள்.

தோட்டம்

காய்ந்த நிலத்தில் வரப்பை உயர்த்தி ஒரு சொட்டும் வெளியே போகாமல் பிடிப்பதுதான் நம் வழக்கம். அடைமழை நாளில் அந்த வரப்பையே வெட்டிவிட மனம் வர வேண்டும். தாழ்ந்த மூலையில் வடிகால் எங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள். உங்கள் தண்ணீர் அடுத்த தோட்டக்காரரின் பயிருக்குள் போகாமல் ஓடையில் சேரும் வழியை, மழைக்கு முன்பு அவரோடு சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நள்ளிரவில் மண்வெட்டியோடு நின்று பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

*வெற்றிலைக் கொடிக்கால்:* ஈரம் விரும்பும் கொடிதான், ஆனால் வேர் தண்ணீரில் நின்றால் தாங்காது. குளிரும் ஈரமும் சேரும் இந்த மாதங்களில்தான் அடியழுகி வாடும் நோய் பரவுகிறது. பாத்திகளுக்கு இடையே உள்ள வாய்க்காலை ஆழப்படுத்துங்கள். வாடிய கொடியை வேரோடு பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே எரியுங்கள். அதே கையால் அடுத்த கொடியைத் தொடாதீர்கள். போர்டோ கலவை ஊற்றுவதானால் அளவைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் கேட்டுக்கொண்டு, முதிர்ந்த இலைகளைக் கிள்ளி எடுத்த பிறகே ஊற்றுங்கள். வெற்றிலை அப்படியே வாயில் போடுகிற பொருள்.

*வாழை:* தார் விட்ட மரத்துக்கு முட்டுக் கொடுங்கள். இளகிய மண்ணில் காற்று லேசாக அடித்தாலும் சாயும். முற்றிய தாரை எச்சரிக்கை வந்தவுடன் வெட்டிவிடுங்கள்.

*மா:* கார்த்திகை, மார்கழி மழை நீண்டால் மாமரம் பூக்காமல் கொழுந்து விடும். பூப்பதற்கு அதற்குக் காய்ச்சலும் குளிரும் வேண்டும். அந்த வருடம் பூ தாமதமாகும் என்று எதிர்பார்த்து, உரமும் தண்ணீரும் கொடுத்து மேலும் கொழுந்தைத் தூண்டாமல் இருங்கள்.

மோட்டார் அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், வடிந்தவுடன் ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்க்காதீர்கள். கழற்றிக் காயவைத்து, எலக்ட்ரீஷியன் மெக்கர் கருவி வைத்து மின்கசிவு இல்லை என்று பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

பூண்டுக் கடைகளுக்கு

வடுகபட்டியின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிவது பூண்டுச் சந்தையால். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும், வடமாநிலங்களிலிருந்து வரும் பூண்டும் இங்கே கைமாறுகின்றன. அடைமழை இந்த வியாபாரத்தை இரண்டு பக்கம் தாக்கும். மலைச் சாலையில் மண் சரிந்து வரத்து நிற்கும். கையிருப்பில் இருப்பது ஓதம் ஏறிக் கறுத்துப்போகும், முளைக்கும்.

மழை பெய்கிறது என்று மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவதுதான் பலரும் செய்வது. பூண்டுக்கு அதுவே கெடுதல். உள்ளே மூச்சுவிடும் ஈரம் வெளியேற முடியாமல் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டைகளைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்திக் கட்டைமேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வரிசைக்கு வரிசை இடைவெளி விடுங்கள். கூரை ஒழுகினால் மூட்டையைத் தொடாதபடி மேலே உயர்த்தித் தார்ப்பாய் கட்டுங்கள். மின்விசிறி போட்டுக் காற்றை ஓட விடுங்கள். நனைந்த மூட்டையை அன்றே பிரித்துப் பரப்புங்கள். ஒரு நாள் தாமதித்தால் அது பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். அடுக்கம் சாலையில் மண்சரிவு என்று கேள்விப்பட்டால், மேலே இருந்து சரக்கு கொண்டுவரச் சொல்லி விவசாயியையோ டிரைவரையோ அவசரப்படுத்த வேண்டாம். சந்தை அடுத்த வாரமும் கூடும்.

ஆடு, மாடு

தண்ணீர் ஏறும் அபாயம் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது கயிற்றை அவிழ்த்துவிடுவது. அவிழ்த்துவிட்ட மாடு நீந்தித் தப்பும். கட்டிய மாடு கட்டிய இடத்திலேயே சாகும். தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்குத் துள்ளுமாரி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் தளதளவென்று வரும் இளம்புல்லை வெறும் வயிற்றில் மேய்ந்தால் வயிறு உப்பும். காலையில் கொஞ்சம் வைக்கோல் தின்ன வைத்து, பிறகு மேய விடுங்கள். அதற்காகவாவது வைக்கோல் படப்பை மேட்டில் போட வேண்டும்.

குடிநீர், காய்ச்சல், பாம்பு

வெள்ளம் கலந்த கிணற்று நீர் தெளிந்த பிறகும் குடிக்க ஏற்றது அல்ல. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுவான அளவு. வட்டக் கிணறு 4 மீட்டர் அகலம், தண்ணீர் 5 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 63,000 லிட்டர். அதற்கு 160 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பின் மேல் தெளிவை மட்டும் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்குங்கள். இரவில் போட்டுக் காலையில் எடுப்பது நல்லது. கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. எது எப்படி இருந்தாலும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஆட்டுரல், மூடாத தொட்டி ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். வறட்சிக்குப் பயந்து அண்டா குண்டாவில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைக்கும் நம் வழக்கம் இங்கே எதிராகத் திரும்புகிறது. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காமல் விட்டால் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் சாகாது. சேற்றில் வேலை செய்பவர்கள் காலில் புண் இருந்தால் மூடிக்கொண்டு இறங்குங்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

பொந்துகளில் தண்ணீர் ஏறினால் பாம்பு மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலைக்குள் படுங்கள். விறகு எடுக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குதல் என்றால் சந்தேகப்படுங்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீர்கள். 108ஐ அழைத்துப் பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். விஷமுறிவு மருந்துதான் உயிரைக் காக்கும்.

இனி சேமியுங்கள்

ஆபத்து நீங்கிய பிறகு விதியின் இரண்டாவது பாதி தொடங்குகிறது. நம் முன்னோர் ஒவ்வொரு கண்மாய்க்கும் வரத்துக்கால், கரை, மடை, கலிங்கு என்று நான்கையும் சேர்த்தே அமைத்தார்கள். வரத்துக்கால் தண்ணீரைக் கொண்டுவரும், கரை பிடிக்கும், மடை வயலுக்குக் கொடுக்கும், கலிங்கு மிச்சத்தை அடுத்த கண்மாய்க்கு அனுப்பும். வழி விடுவதும் சேமிப்பதும் ஒரே அமைப்பில் இருக்கின்றன. கலிங்கில் பலகையோ மணல் மூட்டையோ அடுக்கி அரை அடித் தண்ணீர் கூடுதலாகப் பிடிக்க ஆசைப்பட்டால் கரை உடையும். உடைந்தால் அரை அடி மட்டுமல்ல, மொத்தமும் போகும். கரையில் ஊற்றுக் கண் கிளம்பியதைக் கண்டால் உடனே நீர்வளத்துறைக்கும் பேரூராட்சிக்கும் சொல்லுங்கள்.

தோட்டத்தில், ஓடிப்போகும் தண்ணீரைக் கிணற்றில் இறக்க விரும்பினால் நேராக விடக் கூடாது. சேறும் பூச்சிமருந்தும் சேர்ந்து இறங்கிக் கிணற்றைக் கெடுக்கும். முதல் மழையை வெளியே விடுங்கள். பிறகு வரும் தண்ணீரைப் பெருங்கல், ஜல்லி, மணல் அடுக்கிய குழியில் வடித்துக் குழாய் வழியாக இறக்குங்கள். பண்ணைக்குட்டை வெட்ட இடம் இருந்தால் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டுங்கள். வடிகால் போய்ச் சேரும் இடமும் சேமிக்கும் இடமும் அப்போது ஒன்றாகிவிடும்.

இழப்பும் பதிவும்

பயிர்க் காப்பீடு செய்தவர்கள் தங்கள் நிலம் மட்டும் பாதித்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். உதவி எண் 14447. தேதி தெரியும்படி படம் எடுங்கள், அடங்கல் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கி வையுங்கள். அரசு நிவாரணத்துக்குப் பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். கணக்கெடுப்புக்கு ஆள் வரும் முன் நிலத்தை உழுதுவிடாதீர்கள். வீடு இடிந்திருந்தாலும் படம் எடுத்த பிறகே இடிபாட்டை அள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. தண்ணீர் எதுவரை ஏறியதோ அந்த மட்டத்தில் சுவரிலும் கிணற்று மேட்டிலும் பெயின்ட்டால் கோடு போட்டு வருடத்தை எழுதுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, எந்த ஓடை அடைத்திருந்தது, யார் வீட்டு மாடி கடைசிவரை பாதுகாப்பாக இருந்தது என்று ஒரு தாளில் குறித்து, தெருக்காரர்கள் கையெழுத்திட்டுப் பேரூராட்சியில் கொடுங்கள். தூர்வாரும் வேலையை மாசி, பங்குனியிலேயே கேளுங்கள், ஓடை காய்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் இயந்திரம் இறங்க முடியும். அடுத்த பெருமழை எந்த வருடம் வந்தாலும், அன்றைக்கு வடுகபட்டியில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கோடும் அந்தத் தாளும் உதவும்.